மலைவீட்டுக் கான்கிரீட்: பணம் எங்கே போகிறது?

நீலகிரியில் வீடு கட்டப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "சதுரஅடிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கோவையிலோ திருப்பூரிலோ வீடு கட்டிய உறவினர் சொன்ன தொகை ஒன்று மனதில் இருக்கும். மலை என்பதால் கொஞ்சம் கூடும் என்று அதன்மேல் ஒரு கால் பங்கைச் சேர்த்து வைத்திருப்பார். அந்தத் தொகையை நம்பி அஸ்திவாரம் தோண்டுவார். தூண்கள் எழும்பி, தளம் போடும் நேரத்தில் கையிருப்பு தீர்ந்திருக்கும். மலைச்சரிவுகளில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்க, ஆண்டுக்கணக்கில் நனைந்து துருவேறும் வீடுகள் பலவற்றின் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

சதுரஅடிக் கணக்கு சமவெளியில் ஓரளவு பலிக்கக் காரணம் உண்டு. அங்கே மனை சமமாக இருக்கிறது. லாரி வாசலுக்கு வருகிறது. வெயில் கான்கிரீட்டை வேகமாக இறுக்குகிறது. இந்த மூன்றுக்கும் யாரும் தனியாகப் பணம் கேட்பதில்லை. மலையில் மூன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சிமென்ட் விலையில் மூட்டைக்கு 20 ரூபாய் குறைக்கக் கடை கடையாக ஏறுகிறவர், இந்த மூன்று செலவையும் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதே இல்லை.

இந்த அத்தியாயம் கான்கிரீட் வேலையை மட்டும் பேசுகிறது. ஊட்டி (சுமார் 2,240 மீட்டர்), குன்னூர் (சுமார் 1,850 மீட்டர்), கோத்தகிரி ஆகிய ஊர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கொடைக்கானலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு, குளிரும் குறைவு, மழை மிக அதிகம். அங்கே இருப்பவர்கள் குளிர் பற்றிய பகுதியை வேகமாகக் கடந்து, மழையும் தடுப்புச் சுவரும் பற்றிய பகுதிகளில் நிதானமாக நிற்கலாம்.

ஒரு தளத்தின் எடை

ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். 6 சதுரம், அதாவது 600 சதுரஅடித் தளம். கனம் 5 அங்குலம். தளம் மட்டும் 250 கனஅடி. மீட்டர் கணக்கில் 7 கனமீட்டர். பீம்களையும் சேர்த்தால் சுமார் 9 கனமீட்டர் கான்கிரீட்.

வழக்கமான 1:1½:3 கலவையில் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஆக 72 மூட்டை. எம்-சாண்ட் சுமார் 140 கனஅடி, அதாவது 1.4 யூனிட். முக்கால் ஜல்லி 2.8 யூனிட். கம்பி, பொறியாளரின் வரைபடத்தைப் பொறுத்து, 750 கிலோ அளவில் வரும். கலவைக்கு மட்டும் தண்ணீர் 2,000 லிட்டர் வரை.

இதற்கு விலை போடுவோம். இங்கே நான் போடும் விலைகள் கணக்கு காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் ஊர்க் கடையில் இன்றைய விலையைக் கேட்டு அந்தந்த இடத்தில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சிமென்ட் மூட்டை 420, கம்பி கிலோ 65, எம்-சாண்ட் யூனிட் 7,000, ஜல்லி யூனிட் 6,000 என்று வைத்தால், சிமென்ட் 30,240, கம்பி 48,750, மணல் 9,800, ஜல்லி 16,800. மொத்தம் 1,05,590 ரூபாய். ஒப்பந்தக்காரர் காட்டும் பட்டியலும் இந்த இடத்தில் பொருள் செலவை முடித்துவிடும்.

இப்போது அதே பொருள்களை எடையாகப் பாருங்கள். சிமென்ட் 3.6 டன். மணல் 6 டன்னுக்கு மேல். ஜல்லி 12 டன்னுக்குச் சற்றுக் குறைவு. கம்பி முக்கால் டன். மொத்தம் 22½ டன். லாரி நிற்கும் சாலையிலிருந்து உங்கள் மனை 100 மீட்டர் கீழேயோ மேலேயோ, படிக்கட்டுப் பாதையில் இருக்கிறது என்றால், இந்த 22½ டன்னும் ஆள் தலையில்தான் வர வேண்டும். நடைக்குச் சராசரி 25 கிலோ என்றால் 900 நடை. போய்வரப் பத்து நிமிடம் என்று வைத்து, ஓய்வையும் சேர்த்தால், ஒருவர் ஒரு நாளில் 40 நடைக்கு மேல் போக முடியாது. ஆக 22 அல்லது 23 ஆள்நாள். கூலி 800 ரூபாய் என்று கொண்டால் 18,000 ரூபாய். பொருள் செலவில் ஆறில் ஒரு பங்கு!

இது ஒரு தளத்துக்கு மட்டும். அஸ்திவாரம், தூண், செங்கல் அல்லது ஹாலோ பிளாக், பூச்சு, ஓடு, தண்ணீர்த் தொட்டி என எல்லாம் இதே பாதையில்தான் வந்தாக வேண்டும். மனை வாங்கும்போதே சாலையிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம். சாலையோர மனைக்கும் சரிவில் உள்ளே தள்ளியிருக்கும் மனைக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தை, சுமைக்கூலியே பெருமளவு சாப்பிட்டுவிடும்.

சுமையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. மனை சாலைக்குக் கீழே இருந்தால், தகரத்தால் சரிவுத் தொட்டி அமைத்து மணலையும் ஜல்லியையும் கீழே விடலாம். கலவையை அப்படி விடக் கூடாது. ஜல்லி முந்தி ஓடும், சாந்து பின்தங்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகள் கட்டுகிறார்கள் என்றால், சேர்ந்து ஒரு வின்ச் வாடகைக்கு எடுப்பது லாபம்.

ரெடிமிக்ஸ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி, கலவையை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலைச்சாலை. வழியில் ஒரு லாரி பழுதாகி நின்றாலே அந்த நேரம் போய்விடும். அதற்கு மேல், மிக்ஸர் லாரி திரும்ப முடியாத சந்துகளில்தான் பெரும்பாலான வீடுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஆலை இருந்து, அகலமான சாலையும் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு மனையிலேயே மில்லர் மிஷின் வைத்துக் கலப்பதுதான் நடைமுறை.

குளிருக்குக் கொடுக்கும் வாடகை

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது ஒரு வேதிவினை. குளிர்ந்தால் அது தளர்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கலவை இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கட்டுமானத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தோராயக் கணக்கு.

முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதற்கு இந்தியாவில் அடிப்படை ஐ.எஸ். 456 விதிநூல் (2000). சாதாரண சிமென்டில் போட்ட தளத்துக்கு, இடைவெளி 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்று அது சொல்கிறது. எல்லா மேஸ்திரிகளுக்கும் இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கே இந்த நாள்கணக்கு பொருந்தும். ஊட்டியில் மே மாத இரவுகூடப் பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழேதான். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஆக, அந்த நாள்கணக்கு ஊட்டிக்கு ஆண்டின் எந்த மாதத்திலும் அப்படியே பொருந்தாது.

எவ்வளவு கூட்ட வேண்டும்? வெப்பத்தையும் நாள்களையும் பெருக்கி முதிர்ச்சியை மதிப்பிடும் பழைய முறை ஒன்று உண்டு. அதன்படி, சராசரி 27 டிகிரியில் 7 நாளில் ஏறும் பலம், சராசரி 12 டிகிரியில் ஏறுவதற்கு 12 நாள் பிடிக்கும். சமவெளியில் 14 நாளில் நம்பிக்கையோடு பிரிக்கும் தளத்தை இங்கே 23, 24 நாள் தாங்கிப் பிடிக்க வேண்டும். என் பரிந்துரை இது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை போடும், 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள சாதாரணத் தளத்துக்கு மூன்று வாரம், 6 மீட்டர் வரையிலான பீம்களுக்கு நான்கு வாரம். பொறியாளர் கூடுதலாகச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

இதில் பணம் எங்கே என்றால், சென்ட்ரிங் வாடகையில். பலகை, ஷீட், ஜாக்கி எல்லாம் சதுரஅடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்தத் தொகைக்குள் எத்தனை நாள் என்று கேட்டால், "வழக்கம்போலத்தான் சார்" என்று பதில் வரும். அந்த வழக்கம் கீழ்நாட்டு வழக்கமாக இருக்கலாம். நாள் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுத்தில் போடுங்கள். எழுதாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: கூடுதல் நாளுக்குத் தனி வாடகை கேட்பார்கள், அல்லது அடுத்த வேலைக்கு முட்டு தேவைப்பட்டு, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பிரித்துவிடுவார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதில் தளம் தொய்ந்து விரிசல் விட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிடும்போது வாடகை ஒன்றுமே இல்லை.

குளிர்காலத்தில் சிமென்ட் வகையையும் கவனியுங்கள். கடையில் கேட்காமல் கொடுப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. நல்ல சிமென்ட்தான், நாளடைவில் அடர்த்தியான கான்கிரீட்டைத் தரும். ஆனால் முதல் வாரத்தில் மெதுவாக இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. டிசம்பர், ஜனவரியில் தளம் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் 53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்) கேட்டு வாங்குங்கள். மூட்டைக்குச் சில ரூபாய் கூடும். முட்டு வாடகையில் அது திரும்பி வந்துவிடும். சீக்கிரம் இறுகச் செய்யும் ரசாயனம் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், குளோரைடு இல்லாத வகைதானா என்று டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கால்சியம் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

உறைபனி நாளில் கான்கிரீட் போடும் முறை எளிது, செலவும் குறைவு. காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். புதிய கான்கிரீட்டுக்கு முதல் சில மணி நேர வெயில் கிடைக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு முன்பே வைக்கோலோ உலர்ந்த சாக்கோ பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் மூடுங்கள். முதல் இரவுகளில் சாக்கை நனைத்துப் போடக் கூடாது, உறைந்துபோகும். முதல் இரவில் உறைந்த கான்கிரீட்டின் மேல்தோல் பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் தேறாது, பொரிந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை 5 டிகிரியைத் தொடும் நாளைக் குளிர்காலக் கான்கிரீட் வேலையாகக் கருத வேண்டும் என்று இதற்கென்றே உள்ள ஐ.எஸ். 7861 சொல்கிறது.

லடாக்கிலும் வெளிநாட்டுப் பனிப்பிரதேசங்களிலும் கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழ்களைப் புகுத்தும் ரசாயனம் சேர்ப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கான்கிரீட் உறைந்து உருகும் இடங்களில் அது அவசியம். நீலகிரியின் உறைபனி புல்லிலும் மேற்பரப்பிலும் படிந்து காலை ஒன்பது மணிக்குக் கரைந்துவிடுவது. முதிர்ந்த கான்கிரீட்டின் உள்ளே அது இறங்காது. சாதாரண வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

பனிமூட்டம் இருக்கிறதே, தண்ணீர் விட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பகல் காற்று வறண்டு வீசும். வெயிலும் சுள்ளென்று இருக்கும். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள் என்பது விதி. குளிரில் இரண்டையும் இரண்டு வாரமாக்குங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதென்றால் குளிரான முதல் இரவுகள் கழிந்த பிறகு, பகலில் தொடங்குங்கள்.

மழையில் நனையும் கான்கிரீட் வேறு

ஐ.எஸ். 456 கான்கிரீட்டை அது இருக்கும் சூழலை வைத்து வகுக்கிறது. கூரைக்குக் கீழே நனையாமல் இருப்பது மிதமான வகை. அதற்கு எம்20 தரக் கான்கிரீட் போதும். கடும் மழையில் நேரடியாக நனைவது, நனைந்து காய்ந்து நனைவது, ஈரத்தோடு எப்போதாவது உறைவது ஆகியவை கடுமையான வகை. அதற்குக் குறைந்தது எம்30, தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் கூடாது, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர். நீலகிரியின் திறந்த மொட்டைமாடியும் பால்கனியும் கார் ஷெட் தளமும் இந்த வரையறைக்குள் நேராக வந்து உட்காருகின்றன. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மலை இது.

இங்கே வீட்டுக்காரர்கள் பலர் தெரியாமல் இழக்கும் பணத்தைச் சொல்ல வேண்டும். 1:1½:3 என்று பாண்டில் அளந்து போடும் கலவை கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் குடிக்கிறது, தருவது எம்20. ஆய்வகத்தில் மணலையும் ஜல்லியையும் சோதித்துக் கலவை வடிவமைத்து, தண்ணீரைக் குறைக்கும் பிளாஸ்டிசைசர் சேர்த்தால், ஏறக்குறைய அதே அளவு சிமென்டில் எம்30 எடுக்கலாம். கோவையின் பொறியியல் கல்லூரிகளிலும் தனியார் ஆய்வகங்களிலும் இதைச் செய்து தருகிறார்கள். வீட்டின் மொத்தச் செலவில் அந்தக் கட்டணம் மிகச் சிறிது. அறிக்கையைப் பெட்டியில் பூட்டிவைக்காமல், மில்லர் மிஷினுக்குப் பக்கத்தில் மூட்டைக் கணக்கில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்: ஒரு மூட்டைக்கு மணல் இவ்வளவு, ஜல்லி இவ்வளவு, தண்ணீர் இத்தனை லிட்டர். 0.45 என்றால் மூட்டைக்கு 22½ லிட்டர்தான். ஈர மணலில் இருக்கும் தண்ணீரையும் இதில் கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் அது கணிசம். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று ஆள்கள் குழாயைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வாங்கிய சிமென்டின் ஒரு பகுதி வீணாகிறது.

கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்கக் கியூப் எடுக்க மறக்காதீர்கள். 6 முதல் 15 கனமீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். இவை ஆய்வகத் தொட்டியில் 27 டிகிரியில் வளர்பவை. கலவை நல்லதா என்பதை மட்டும் சொல்லும். முட்டுகளைப் பிரிக்கலாமா என்று தெரிய வேண்டுமானால், கூடுதலாக மூன்று கியூப் எடுத்துத் தளத்தின் மேலேயே, அதே குளிரில், அதே சாக்குக்கு அடியில் வையுங்கள். தளத்தின் நிலையை அவைதான் காட்டும்.

மொட்டைமாடி பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. மலையில் மட்டமான திறந்த தளம் தொடர் செலவு. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அதன்பின் மறுபடி பூச வேண்டும், மறுபடி ஒழுகும், உள்சுவரில் பூஞ்சை படரும். தளத்துக்கு மேல் சரிவான தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ போட்டுவிடுங்கள். அந்தத் தளம் அப்போது நனையாத வகைக்கு மாறுகிறது, கான்கிரீட் தரத்துக்கும் கவருக்கும் ஆகும் கூடுதல் செலவு குறைகிறது. இங்கே பழைய வீடுகள் எல்லாம் சரிந்த கூரையோடு இருப்பதற்கு மழையைத் தவிர வேறு காரணம் வேண்டாம்.

தடுப்புச் சுவர்: கைமீறும் செலவு

சரிவில் வீடு என்றால் பின்னால் மண்ணை வெட்ட வேண்டும், முன்னால் நிரப்ப வேண்டும். இரண்டு இடத்திலும் தடுப்புச் சுவர் வரும். செலவு கைமீறிப் போகும் இடம் இதுதான். உயிர் போகும் இடமும் இதுதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே இந்தப் பகுதியைச் செலவைக் குறைக்கும் ஆசையோடு மட்டும் படிக்காதீர்கள்.

மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். தோராயக் கணக்கில், 1.5 மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் 700 கிலோ அளவில் தள்ளுகிறது என்றால், 3 மீட்டர் சுவரை 2.7 டன் தள்ளும். உயரம் இரண்டு மடங்கு, தள்ளுவது நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் விசை எட்டு மடங்கு. அதனால் ஒரே 3 மீட்டர்ச் சுவரைவிட, இரண்டு 1.5 மீட்டர்ச் சுவர்களைப் படிபோல அமைப்பது கம்பியிலும் கான்கிரீட்டிலும் வெகுவாக மிச்சம். ஆனால் மேல்சுவர் கீழ்ச்சுவரின் தோளில் உட்காரக் கூடாது. குறைந்தது கீழ்ச்சுவரின் உயரம் அளவுக்காவது பின்வாங்கி நிற்க வேண்டும். மண் தளர்வாக இருந்தால் இன்னும் அதிகம். இடம் கொஞ்சம் போகும். அந்த இடத்தில் மலைக்காய்கறி போடலாம்.

இந்தக் கணக்கு எல்லாம் காய்ந்த மண்ணுக்கு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பினால், அதே 3 மீட்டர்ச் சுவரை 2.7 டன்னுக்குப் பதில் 6 டன் அளவில் தள்ளும். விழுந்த சுவர்களைப் போய்ப் பார்த்தால் கான்கிரீட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தண்ணீருக்குத்தான் வழி இருந்திருக்காது. வழி செய்ய ஆகும் செலவு சுவர்ச் செலவில் சிறு பகுதி: 3 அல்லது 4 அங்குல பி.வி.சி. குழாய்கள், ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்று, மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாறி மாறி, வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு அடிமுதல் மேல்வரை ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. அது இல்லாவிட்டால் சில மழைக்காலத்தில் செம்மண் ஜல்லியை அடைத்துவிடும். மேலே, மழைநீர் சுவருக்குப் பின்னால் இறங்காமல் ஓரமாக ஓடச் சிமென்ட் வாய்க்கால்.

ஜல்லிக்குப் பதிலாக, தோண்டிய மண்ணையே தள்ளி நிரப்பிவிடுவது வழக்கமான திருட்டுத்தனம். நிரப்பிய பிறகு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அந்த நாள்களில் நீங்களோ உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரோ மனையில் இருங்கள்; ஒவ்வொரு அரை மீட்டர் உயரத்துக்கும் ஒரு படம் எடுத்துவையுங்கள். வீடு முழுவதற்கும் மேற்பார்வைக்கு ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், அந்த வாரத்தை இங்கே செலவிடுங்கள்.

எல்லாச் சுவரும் கான்கிரீட்டாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் வரை, அடி அகலமாக வைத்துக் கட்டிய கருங்கல் சுவர் போதும். கம்பிவலைப் பெட்டியில் கல் அடுக்கும் கேபியன் தண்ணீரைத் தானாகவே வடிய விடும். மண் கொஞ்சம் அசைந்தாலும் அதுவும் சேர்ந்து அசைந்து கொடுக்கும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும், கல்லைச் சுமக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் எந்தச் சுவரானாலும் பொறியாளரின் வடிவமைப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். மேஸ்திரியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். மண்ணுக்குள் ஊற்று எங்கே இருக்கிறது என்பது அனுபவத்துக்கும் தெரியாது.

தோண்டுவதற்கும் இங்கே தனிக் கணக்கு வேண்டும். நீலகிரியில் ஜே.சி.பி. போன்ற மண் அள்ளும் இயந்திரங்களை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. பெரும்பாலும் மண்வெட்டிதான், ஆள்கூலிதான். வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளுவது கீழ்வீட்டுக்காரருக்கு ஆபத்து. கொண்டுபோய்க் கொட்ட வாடகையும் சேரும். மலையை எவ்வளவு குறைவாக வெட்டுகிறீர்களோ அவ்வளவும் மிச்சம். ஒரே மட்டத்தில் பெரிய வீட்டுக்கு ஆசைப்படாமல், சரிவோடு இரண்டு மட்டமாக இறங்கும் வரைபடம் கேளுங்கள்.

பாதையும் தரையும்

நடைபாதைக்கு 4 அங்குலம், வண்டி ஏறும் பாதைக்கு 6 அங்குலம். 8 முதல் 10 அடிக்கு ஒரு ஜாயின்ட் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் கான்கிரீட் தானே கோணல்மாணலாக வெட்டிக்கொள்ளும். மேற்பரப்பை மழமழவென்று தேய்க்க விடாதீர்கள். பாசி படிந்து வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டால் போதும், காசு செலவில்லை. வீட்டுக்குள் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு போடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது பெருமளவு தடுக்கும்.

எந்த மாதம், எந்தப் பொருள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலையை நிறுத்தும். ஊட்டியின் மேற்கிலும் கூடலூரிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை. இரண்டு பக்கத்துக்கும் நல்ல காலம் பிப்ரவரி பாதியிலிருந்து மே வரை. ஆனால் ஏப்ரல், மே சுற்றுலா சீசன். மலைச்சாலைகளில் ஒருவழிப் போக்குவரத்தும் லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் வரும், வாடகை ஏறும். மணலையும் ஜல்லியையும் மார்ச்சுக்குள் ஏற்றிவைத்துவிடுங்கள். அவை கெடாது. சிமென்டை அப்படிச் சேர்க்காதீர்கள். சாதாரண இடத்திலேயே மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறையும். மலையின் ஈரக்காற்றில் அதற்கு முன்பே கட்டி தட்டும். இரண்டு வார வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகைமேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், தார்ப்பாய் போர்த்தி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; பழைய மதிப்பீட்டைக் காட்டுபவரிடம் அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சதுரஅடித் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். "மேஸ்திரி, இதுல எத்தன கனமீட்டர் கான்கிரீட்டு, எத்தன கிலோ கம்பி?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். சுமைக்கூலி, சென்ட்ரிங் நாள்கள், தடுப்புச் சுவரின் வடிகால், வெட்டிய மண்ணை அகற்றுவது ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாக, தனித்தனித் தொகையோடு இருக்க வேண்டும். மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டால், மூன்றிலும் இந்த நான்கு வரிகளையும் ஒப்பிடுங்கள். மிகக் குறைந்த மதிப்பீட்டில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கும்; விடுபட்டது வேலையின் நடுவில் கூடுதல் பில்லாக வரும்.

சுமைக்கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். 22 டன்னைத் தலையில் ஏற்றி இறக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஈரப் படிகளில், வெறுங்காலோடு. படிகளில் பிடிகயிறு கட்டிக்கொடுங்கள். மழை நாளில் சுமக்கச் சொல்லாதீர்கள். கையுறையும் சூடான தேநீரும் உங்கள் செலவாக இருக்கட்டும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: அஸ்திவாரம், பெல்ட், தளம் போட்ட நாள், முட்டுப் பிரித்த நாள். தளத்துக்கான தொகையில் ஒரு பகுதியை முட்டுப் பிரித்த பிறகு என்று வைத்தால், அவசரமாகப் பிரிக்கும் ஆசையைத் தடுக்க முட்டு நாள்களையும் அதே வரியில் எழுதுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். மழை முடிந்து தளம் ஒழுகாமல், சுவர்க் குழாய்களில் தண்ணீர் வடிந்து, எங்கும் புடைப்பு இல்லையென்றால், அந்தத் தேதியில் ஒரு நாளும் தாமதிக்காமல் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.